எட்டுக் கேள்விக்குறிகள்

பொதி கொடுத்த அன்று கோயில் வாசலில் வைத்து ஒரு பாட்டி என்னிடம் கேட்டார்: “ஏன் புள்ள, எம்பேர வெட்டிட்டீங்களா?”

என் கையில் லிஸ்ட் இருந்தது. அதில் 241 பெயர்கள், அழகாக பிரின்ட் எடுத்தது. தலைப்பு வரிக்குப் பச்சை நிறம், ஒன்றுவிட்டு ஒரு வரிக்கு இளஞ்சாம்பல் என்று எல்லாம் என் மேக்ரோ போட்ட அலங்காரம். விரலை வைத்து மேலிருந்து கீழே இரண்டு தரம் தேடினேன். பாட்டியின் பெயர் இல்லை. “இருங்க பாட்டி, பாக்கிறேன்” என்றேன். அவர் இருக்கவில்லை. “வேலைக்குப் போறவங்களுக்கு மட்டுந்தானாக்கும். சரி விடு புள்ள” என்று சொல்லிவிட்டு, மடித்துக் கொண்டுவந்திருந்த உரப்பையை அக்குளில் வைத்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார்.

அவர் சத்தம் போட்டிருந்தால் எனக்கு இவ்வளவு உறைத்திருக்காது. அவருக்கு அது ஓர் ஆச்சரியமாகவே இல்லை என்பதுதான் உறைத்தது.

இது எக்ஸெல் மேக்ரோவைப் பற்றிய கட்டுரை. எக்ஸெல்லைப் பற்றி கலைப்பீடத்துப் பிள்ளை என்ன எழுதப் போகிறாள் என்று நினைப்பவர்கள் இரண்டு பந்தி பொறுத்துக்கொள்ளுங்கள்.

*

எங்கள் தோட்டம் கலஹா பக்கம். கண்டியிலிருந்து வரும் கலஹா பஸ் பேராதனை கம்பஸின் நடுவாலேயே ஏறித்தான் வரும். அதனால் மற்றப் பிள்ளைகளைப்போல எனக்கு ‘வீட்டுக்குப் போவது’ பெரிய பயணம் இல்லை. அந்த மழை வாரத்தில் மேட்டு லயங்களுக்கு மண்சரிவு எச்சரிக்கை கொடுத்து, சனத்தைப் பாடசாலையில் கொண்டுபோய் வைத்திருந்தார்கள். ஐந்தாறு நாள் கழித்து எல்லோரும் திரும்பி வந்தபோது வீடுகளுக்குள் சேறு. அரிசி, மா எல்லாம் ஊறிப்போய்விட்டன. கொழும்பிலும் வெளிநாட்டிலும் வேலை செய்கிற எங்கள் ஊர்ப் பிள்ளைகள் காசு சேர்த்து அனுப்பினார்கள். குடும்பத்துக்கு ஒரு உலர் உணவுப் பொதி கொடுப்பதாக முடிவானது.

பெயர் எடுக்கும் வேலையை மூன்று பேர் பிரித்துக்கொண்டார்கள். முன்பள்ளி டீச்சர் ஒரு கொப்பியில் எழுதி, மகனைக் கொண்டு டைப் பண்ணி அனுப்பினார். பாடசாலை சேர் ஒருவர் தன் கணினியில் பாமினி எழுத்துருவில் டைப் பண்ணியிருந்தார். கீழ்ப்பிரிவு அண்ணா ஒருவர் போனிலேயே யுனிகோட்டில் அடித்து வட்ஸ்அப்பில் தந்தார். மூன்றும் சேர்ந்து 334 வரி. “நீதானே கம்பஸ்ல படிக்கிற, இத ஒண்ணாக்கித் தா” என்று என்னிடம் தந்தார்கள். எனக்குத் தெரிந்த எக்ஸெல், முதலாம் வருடத்தில் ஒரு பாடத்துக்காகப் படித்த அளவுதான். ஆனால் மேக்ரோ என்று ஒன்று இருப்பது தெரியும். நாம் கையால் நூறு தடவை செய்யும் வேலையை ஒரு பட்டனில் செய்துதரும் சின்ன நிரல். இணையத்தில் இருந்த துண்டுகளைப் பொறுக்கி ஒட்டினால் சரி என்று நினைத்தேன்.

முதல் அடி அன்றைக்கே விழுந்தது. எல்லா ஷீட்டையும் ஒரே மாதிரி அழகாக்க ஒரு மேக்ரோ போட்டேன்: முழு ஷீட்டையும் தேர்ந்தெடு, எழுத்துருவை லதாவாக்கு, அளவு 11, கோடு போடு, நிறம் போடு. பட்டனை அமுக்கினேன். சேர் தந்த லிஸ்ட் முழுதும் ஆங்கில எழுத்துக் குப்பையாகிவிட்டது.

பாமினி தெரிந்தவர்களுக்கு இதில் மர்மம் இல்லை. பாமினியில் நாம் தமிழ் எழுதுவதாக நினைக்கிறோம், ஆனால் கணினி சேமித்து வைப்பது ஆங்கில எழுத்துகளைத்தான். ‘தமிழ்’ என்று நாம் பார்க்கும் சொல் உள்ளே ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி. அந்த எழுத்துகளுக்குத் தமிழ் உருவம் போட்டுக் காட்டுவது எழுத்துரு மட்டும்தான். எழுத்துருவை மாற்றினால் முகமூடி கழன்றுவிடும். அதாவது அந்த ஷீட்டில் ‘இது தமிழ்’ என்ற தகவல் இருந்த ஒரே இடம் அதன் அலங்காரம். அலங்காரம்தானே என்று நான் முதலில் அழித்தது அதைத்தான்.

கண்ட்ரோல் இசட் அடித்தேன். ஒன்றும் நடக்கவில்லை. கையால் செய்த பிழையை எக்ஸெல் திருப்பித்தரும், மேக்ரோ செய்த பிழையைத் தராது. மேக்ரோ ஓடி ஷீட்டில் கைவைத்ததும் அதுவரை இருந்த ‘பின்னால் போகும்’ வரலாறே அழிந்துபோகும். மூலக்கோப்பு வட்ஸ்அப்பில் இருந்ததால் தப்பினேன். திரும்ப இறக்கி, மாற்றி ஒன்றில் போட்டு யுனிகோட்டாக்கினேன்.

*

அடுத்த வேலை, இரண்டு லிஸ்ட்டில் வந்தவர்களைக் கண்டுபிடிப்பது. எக்ஸெல்லில் அதற்கென்றே ஒரு பட்டன் உண்டு. பெயரை வைத்து அழிக்கச் சொன்னால் அழித்துவிடும். நல்ல காலம், அதை அமுக்க முன்னர் பெயர்களை ஒருதரம் வாசித்தேன்.

எங்கள் தோட்டத்தில் லெட்சுமி மட்டும் ஏழு பேர். மாரியாயி, காளியம்மா, ராமாயி எல்லாம் அப்படித்தான். ஊரில் யாரும் குழம்புவதில்லை. மேட்டு லயத்து லெட்சுமி, கிணத்தடி லெட்சுமி, டிரைவர் வீட்டு லெட்சுமி என்று சொன்னால் முடிந்தது. ஷீட்டில் கிணத்தடிக்கு நிரல் இல்லையே. பெயரை மட்டும் பார்த்து அழித்திருந்தால் ஏழில் ஆறு குடும்பத்துக்குப் பொதி போயிருக்காது. மறுபக்கம், ஒரே ஆளை ஒருவர் லெட்சுமி என்றும் மற்றவர் லெச்சுமி, இன்னொருவர் லட்சுமி என்றும் எழுதியிருந்தார்கள். கணினிக்கு அவர்கள் மூன்று பேர்.

அதைவிட மோசம், கண்ணுக்கு ஒரே மாதிரித் தெரியும் பெயர்கள். ‘கோவிந்தம்மா’ இரண்டு வரியில் இருந்தது. எழுத்துக்கு எழுத்து ஒன்றுதான், ஆனால் மேக்ரோ ‘வேறு வேறு’ என்றது. ஒரு மணித்தியாலம் மண்டையை உடைத்த பிறகுதான் தெரிந்தது: யுனிகோட்டில் ‘கோ’வின் கொம்பையும் காலையும் ஒரே குறியீடாகவும் வைக்கலாம், கொம்பு தனியாக கால் தனியாக இரண்டாகவும் வைக்கலாம். திரையில் இரண்டும் ஒன்று. ஒன்று போனில் அடித்தது, மற்றது பாமினியிலிருந்து மாற்றி வந்தது.

சரி, பெயர் வேண்டாம், ஐ.சி. நம்பரைப் பார்ப்போம் என்றால் அதிலும் வில்லங்கம். பழைய அடையாள அட்டையில் ஒன்பது இலக்கமும் ஓர் ஆங்கில எழுத்தும். 2016இலிருந்து வரும் புதியதில் பன்னிரண்டு இலக்கம். அட்டையைப் புதுப்பித்தவர் ஒரு லிஸ்ட்டில் புது நம்பரையும் மற்றதில் பழையதையும் கொடுத்திருந்தால் அவர் இரண்டு ஆள். பழையதைப் புதியதாக்குவது சுலபம்: முன்னால் 19, பிறகு பழைய நம்பரின் முதல் ஐந்து இலக்கம், நடுவில் ஒரு பூச்சியம், பிறகு மிச்ச நான்கு. முதல் இரண்டு இலக்கம் பிறந்த வருடம், அடுத்த மூன்று வருடத்தில் எத்தனையாவது நாள் என்பது. பெண்ணென்றால் அதோடு 500 கூட்டியிருக்கும். இந்தக் கணக்குத் தெரிந்ததும் ஒரு நன்மை கிடைத்தது. நம்பரைத் தவறாக எழுதிய சில இடங்களையும் பிடிக்க முடிந்தது. ஆண் பெயருக்கு எதிரே 672ஆவது நாள் என்றிருந்தால் எங்கோ பிழை. பன்னிரண்டு இலக்கத்தை எக்ஸெல் தன் இஷ்டத்துக்கு 1.98567 என்று சுருக்கி, வாலில் ஓர் ஆங்கில ‘ஈ’யையும் 11ஐயும் ஒட்டிக் காட்டும் தொல்லையும் உண்டு. அந்த நிரலை முதலிலேயே ‘எழுத்து’ என்று அறிவித்துவிட்டால் அடங்கிவிடும். போன் நம்பரின் முதல் பூச்சியத்தை விழுங்குவதற்கும் அதே மருந்துதான்.

கடைசியில் மேக்ரோவை அழிக்க விடாமல், சந்தேகமான வரிகளுக்கு மஞ்சள் நிறம் மட்டும் போடவைத்தேன். டீச்சருக்குப் போன் பண்ணி ஒவ்வொன்றாகக் கேட்டு, 16 வரியைக் கையால் நீக்கினேன். மிச்சம் 318. இவ்வளவு கவனமாக இருந்தவள்தான் அடுத்த படியில் விழுந்தேன்.

*

318 பேரில் சிலருக்கு ஏற்கெனவே வேறொரு குழுவினர் பொதி கொடுத்திருந்தார்கள். அவர்களுக்கு நேரே ‘குறிப்பு’ நிரலில் ‘பெற்றார்’ என்று எழுதியிருந்தது. அதே நிரலில் மற்றவர்களுக்குக் கர்ப்பிணி, கைக்குழந்தை, முதியவர் என்ற குறிப்புகளும் இருந்தன. பொதியில் பால்மா, மருந்து மாதிரி ஏதாவது கூடுதலாக வைக்க வேண்டுமா என்று பார்ப்பதற்காக. ‘பெற்றார்’ என்றிருக்கும் வரிகளை அழிக்க வேண்டும். அவ்வளவுதான்.

மேக்ரோ எழுதும் ஜன்னலைத் திறந்து, ‘குறிப்பு நிரலில் உள்ளது பெற்றார் என்பதற்குச் சமமானால் அந்த வரியை அழி’ என்று எழுதினேன். ‘பெற்றார்’ என்ற சொல்லை ஷீட்டிலிருந்து கொப்பி பண்ணி ஒட்டினேன். ஒட்டியதும் அது எட்டுக் கேள்விக்குறிகளாக மாறியது.

எனக்குச் சந்தேகமே வரவில்லை. பழைய போன்களில் தமிழ் பெட்டி பெட்டியாகத் தெரிந்து பழகிய தலைமுறை நாங்கள். எழுத்துரு இல்லாததால் காட்டவில்லை, உள்ளே தமிழ்தான் இருக்கும் என்று நம்பினேன். ஓடவிட்டேன். ஒரு வரியும் அழியவில்லை.

இணையத்தில் தேடினேன். சரியாகச் சமமாக இல்லாவிட்டால், ‘சமம்’ என்பதற்குப் பதிலாக ‘லைக்’ என்று போட்டுப் பார் என்று ஒருவர் யாருக்கோ சொல்லியிருந்தார். போட்டேன். வரிகள் மளமளவென்று மறைந்தன. அந்த நேரத்துச் சந்தோஷத்தை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

முதல் ஓட்டத்தில் சில ‘பெற்றார்’ தப்பியிருந்தன. திரும்ப அமுக்கினேன். இன்னும் ஒன்று இரண்டு. மூன்றாம் தரம் அமுக்கியதும் எல்லாம் போய்விட்டன. ஏன் தப்பின என்று அப்போது யோசிக்கவில்லை. இப்போது தெரியும், வரி அழிக்கும் மேக்ரோ எழுதுகிற எல்லோரும் ஒரு தடவையாவது விழும் குழி அது. மேலிருந்து கீழே எண்ணிக்கொண்டு போகும்போது 10ஆவது வரியை அழித்தால் 11ஆவது வரி மேலே ஏறி 10 ஆகிவிடும். மேக்ரோவோ அடுத்ததாக 11ஐத்தான் பார்க்கும். ஏறி வந்தவரை யாரும் பார்க்கமாட்டார்கள். அதனால் அழிக்கும் வேலையைக் கீழிருந்து மேலே, கடைசி வரியிலிருந்து ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டு வர வேண்டும்.

வடிகட்டியைத் திறந்து குறிப்பு நிரலைப் பார்த்தேன். ‘பெற்றார்’ ஒன்றுகூட இல்லை. வேலை முடிந்தது என்று கோப்பை அனுப்பினேன். 241 பொதிக்குச் சாமான் வாங்கினார்கள். மிஞ்சிய காசைப் பிள்ளைகளின் கொப்பிகளுக்கு வைத்துக்கொள்ளலாம் என்றும் பேசினார்கள்.

போக வேண்டியது போயிற்றா என்று பார்த்தேன். இருக்க வேண்டியது இருக்கிறதா என்று பார்க்கவில்லை. என் முழுப் பிழையும் இந்த இரண்டு வசனத்துக்கு நடுவில்தான்.

*

அன்று இரவு பழைய கோப்பையும் புதிய கோப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எண்ணினேன். 318இல் பெற்றவர்கள் 46. மிச்சம் 272 இருக்க வேண்டும். இருந்தது 241. முப்பத்தொரு குடும்பம் குறைகிறது. அந்த முப்பத்தொன்றையும் தனியாக எடுத்து வைத்துப் பார்த்தபோது கை நடுங்கியது. எல்லோருக்கும் நேரே ஒரே குறிப்பு: முதியவர்.

முதலில் யாரோ வேண்டுமென்றே செய்துவிட்டார்கள் என்றே நினைத்தேன். கணினிக்கு வயது தெரியாதே. ஒரு நிரல் எப்படித் தேடித்தேடிக் கிழவன் கிழவிகளை மட்டும் வெட்டும்?

விடை அந்தக் கேள்விக்குறிகளில் இருந்தது. மேக்ரோ எழுதும் அந்த ஜன்னல் 1990களில் செய்தது. அதற்கு யுனிகோட் தெரியாது. ரஷ்யன், அரபு போன்ற மொழிகளுக்கு விண்டோஸில் பழைய காலத்துக் குறியீட்டுப் பட்டியல்கள் உண்டு, அமைப்பை மாற்றினால் சமாளிக்கலாம். தமிழுக்கு அப்படி ஒரு பட்டியல் கிடையாது. அதனால் ஒட்டும்போதே ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டையும் தூக்கி எறிந்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு கேள்விக்குறியை வைத்துவிடுகிறது. காட்டத் தெரியாமல் இல்லை, உள்ளேயே தமிழ் இல்லை. ‘சமம்’ என்று கேட்டபோது, எட்டுக் கேள்விக்குறி என்று எழுதிய வரி எதுவும் ஷீட்டில் இல்லாததால் ஒன்றும் அழியவில்லை. ‘லைக்’ என்று கேட்டால் கதை வேறு. அதன் பாஷையில் கேள்விக்குறி என்றால் ‘ஏதாவது ஒரு எழுத்து’. எட்டுக் கேள்விக்குறி என்றால் ‘எட்டு எழுத்துள்ள எந்தச் சொல்லும்’.

இனி எண்ணிப் பாருங்கள். கணினிக்கு மெய்யும் புள்ளியும் உயிர்க்குறியும் தனித்தனி. ‘பெற்றார்’: ப, கொம்பு, ற, புள்ளி, ற, கால், ர, புள்ளி. எட்டு. ‘முதியவர்’: ம, உகரக்குறி, த, இகரக்குறி, ய, வ, ர, புள்ளி. எட்டு. ‘கர்ப்பிணி’ ஒன்பது, தப்பியது. ‘கைக்குழந்தை’ பதினொன்று, தப்பியது. யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. நீளம் ஒன்றாக இருந்தது, அவ்வளவுதான்.

திருத்தம் அரை நிமிட வேலை. தமிழ்ச் சொல்லை நிரலுக்குள் எழுதாமல், ஷீட்டின் ஓரத்தில் ஒரு கட்டத்தில் எழுதிவிட்டு, ‘அந்தக் கட்டத்தில் இருப்பதற்குச் சமமானால்’ என்று சொல்ல வேண்டும். ஷீட்டுக்கு யுனிகோட் தெரியும். தமிழ் தமிழாகவே ஒப்பிடப்படும்.

*

இது எனக்கு மட்டும் நடந்த கூத்து இல்லை. 2020இல் இங்கிலாந்தில் செப்டெம்பர் 25க்கும் ஒக்டோபர் 2க்கும் இடையில் 15,841 கொரோனா தொற்றாளர்கள் நாளாந்தக் கணக்கில் விடுபட்டுப் போனார்கள். காரணம், தகவலை எக்ஸெல்லின் பழைய கோப்பு வகையில் போட்டிருந்தார்கள். அதில் 65,536 வரிக்கு மேல் இடமில்லை. மிஞ்சியது சத்தமில்லாமல் வெட்டுப்பட்டது. அவர்களோடு பழகியவர்களைத் தேடி எச்சரிக்கும் வேலையும் அத்தனை நாள் பிந்தியது. வல்லரசு நாட்டுக்கே இப்படி என்று ஆறுதல் பட முடியவில்லை. எங்கள் முப்பத்தொரு பேரும் சத்தமில்லாமல்தான் போனார்கள்.

அதே வருடம் இன்னொன்றும் நடந்தது. மனித மரபணுக்களுக்குப் பெயர் வைக்கும் விஞ்ஞானக் குழு, சில மரபணுக்களின் பெயர்களையே மாற்றியது. ஏனென்றால் மார்ச், செப்ட் என்று தொடங்கும் பெயர்களை எக்ஸெல் திகதி என்று நினைத்து மார்ச் 1, செப்டெம்பர் 1 என்று மாற்றிவிடும். மென்பொருள் மாறாது, ஆகவே பெயர் மாறட்டும் என்று முடிவெடுத்தார்கள்.

இதை வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் அப்பாயி ஞாபகம்தான் வந்தது. அப்பாயிக்கு மூன்று பத்திரத்தில் மூன்று பெயர். பிறப்புப் பதிவில் சிங்களத்தில் எழுதியவர் தனக்குக் கேட்டபடி எழுதினார். தோட்டத்துச் செக்ரோலில் வேறு மாதிரி. அடையாள அட்டையில் இன்னொரு மாதிரி. சேமலாப நிதி எடுக்கப் போனபோது, மூன்றும் ஒரே ஆள்தான் என்று சத்தியக்கடதாசி கொடுக்க வேண்டிவந்தது. பதிவேடு மாறாது, ஆகவே ஆள்தான் மாற வேண்டும். மலையகத்தில் இந்தக் கதை இல்லாத வீடு குறைவு.

எங்கள் ஆட்களுக்கு லிஸ்ட் என்றால் வெறும் லிஸ்ட் இல்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தோடு ஒரு முழுச் சமூகமும் நாட்டின் லிஸ்ட்டிலிருந்து வெளியே போனது. 1964 ஒக்டோபரில் சிறிமாவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டபோது 975,000 பேரைப் பிரித்தார்கள்: 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 150,000 பேர் பிறகு பார்ப்போம். அந்த ஒன்றரை இலட்சத்தை 1974இல் பாதி பாதியாகப் பிரித்தார்கள். பாடப்புத்தகத்தில் படித்தபோது இவை எனக்கு வெறும் இலக்கங்கள். இப்போது அந்த இலக்கங்களில் நான் ஷீட்டின் வரிகளைப் பார்க்கிறேன். எவ்வளவு வட்டமான எண்கள். எந்த லயத்திலும் குடும்பங்கள் வட்டமான எண்ணில் இருப்பதில்லை. அண்ணன் ஒரு வரியில், தம்பி இன்னொரு வரியில் என்று பிரிந்த வீடுகள் எங்கள் தோட்டத்திலேயே உண்டு.

தோட்டத்துப் பேச்சில் ‘பேர்’ என்றால் ஒரு நாள் சம்பளமும்தான். கொழுந்து குறைந்தால் ‘அரைப்பேர்’ போடுவார்கள். ‘இன்னைக்கு எத்தன பேரு கெடச்சிச்சு’ என்றால் எத்தனை நாள் சம்பளம் என்று அர்த்தம். வயது போய் வேலையிலிருந்து நின்றால் செக்ரோலில் பேர் இல்லை. அந்தப் பாட்டி ‘எம்பேர வெட்டிட்டீங்களா’ என்று கேட்டபோது புதிதாக ஒன்றும் கேட்கவில்லை. அவருக்குத் தெரிந்த உலகத்தின் சட்டத்தை என்னிடம் உறுதிப்படுத்திக்கொண்டார். மற்ற முப்பது பேரும் அதைக்கூடக் கேட்கவில்லை. ‘வேலைக்குப் போகாதவங்களுக்கு இல்லையாம்’ என்று லயத்தில் ஒரு பேச்சு பரவியிருக்கிறது, எல்லோரும் அதை நம்பியிருக்கிறார்கள். கணினியின் பிழை ஊரின் பழக்கத்தோடு அவ்வளவு பொருந்திப்போனது. பிழை என்று யாருக்கும் தோன்றவே இல்லை.

*

மறுநாள் காலை டீச்சருக்குப் போன் பண்ணி எல்லாவற்றையும் சொன்னேன். ஏசுவார் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “காசு மிச்சம் இருக்குத்தானே, வா” என்றார். கலஹா டவுனில் முப்பத்தொரு பொதிக்குச் சாமான் வாங்கி, பின்னேரம் நாங்கள் நான்கு பேர் லயம் லயமாகக் கொண்டுபோய்க் கொடுத்தோம். கோயிலடிக்குக் கூப்பிடவில்லை. நாங்கள் வெட்டிய பேரை நாங்கள்தானே கொண்டுபோக வேண்டும்.

அந்தப் பாட்டியின் வீட்டு வாசலில் நின்று, பிழை என்னுடையது, வேலைக்குப் போகிறவர்களுக்கு மட்டும் என்று ஒரு சட்டமும் இல்லை என்று சொன்னேன். கேள்விக்குறிக் கதையைச் சொல்ல முடியவில்லை. “கம்ப்யூட்டர்ல பிழை போயிருச்சு பாட்டி” என்றேன். “கம்ப்யூட்டரா? நீதானே லிஸ்ட வச்சிருந்த” என்றார். கோபமாகச் சொல்லவில்லை, தேத்தண்ணி ஊற்றிக்கொண்டே சொன்னார். அதற்குப் பிறகு நான் கணினி மேல் பழி போடுவதை நிறுத்திவிட்டேன்.

இப்போது நான் மூன்று விஷயங்களை விடாமல் செய்கிறேன். எக்ஸெல்லோடு மல்லுக்கட்டும் தம்பி தங்கைகளுக்குப் பிரயோசனப்படலாம்.

ஒன்று, மேக்ரோவுக்கு அழிக்கும் அதிகாரம் கொடுப்பதில்லை. பக்கத்தில் ஒரு நிரல் போட்டு ‘நீக்கலாம்’ என்று எழுத மட்டும் விடுகிறேன். அதை ஓர் ஆள் பார்த்த பிறகுதான் நீக்கம், அதுவும் வேறு ஷீட்டுக்கு நகர்த்துவதுதான். அழிப்பதே இல்லை.

இரண்டு, தொடங்க முன் எத்தனை, நீக்கியது எத்தனை, மிச்சம் எத்தனை என்று மூன்று எண்ணையும் எழுதி வைக்கிறேன். 318 கழித்தல் 46. இந்த ஒரு கழித்தலை அன்றைக்குச் செய்திருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. இணையத்திலிருந்து எடுக்கும் துண்டுகளில் ‘பிழை வந்தால் பேசாமல் அடுத்ததுக்குப் போ’ என்று ஒரு வரி அடிக்கடி இருக்கும். அதை முதலில் நீக்குகிறேன். பிழை வந்தால் அது கத்தட்டும்.

மூன்றாவது டீச்சர் சொல்லித்தந்தது. அடுத்த தடவை லிஸ்ட் முடிந்ததும், “பிரின்ட் எடுக்க முந்தி வாசி புள்ள” என்றார். முன்பள்ளித் திண்ணையில் உட்கார்ந்து 272 பெயரையும் சத்தமாக வாசித்தேன். டீச்சரும், முன்னர் கங்காணியாக இருந்த ஒரு தாத்தாவும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். விடியற்காலையில் பிரட்டுக்களத்தில் பேர் கூப்பிடுகிற மாதிரிதான். ஒவ்வொரு பேருக்கும் அவர்கள் “ம்” என்றார்கள். இரண்டு இடத்தில் நிறுத்தினார்கள். ஒருவர் போன மாதம் இறந்துபோயிருந்தார். இன்னொரு வீட்டில், மருமகளோடு மனஸ்தாபப்பட்டு ஒரு அம்மா போன வாரம்தான் தனியாக அடுப்பு மூட்டத் தொடங்கியிருந்தார். இனி அது இரண்டு குடும்பம்.

ஒன்றை நீக்கினேன், ஒன்றைச் சேர்த்தேன். எண்ணிக்கை மாறவில்லை, 272தான். கூட்டல் கழித்தலால் மட்டும் பார்த்திருந்தால் எல்லாம் சரி என்றே காட்டியிருக்கும்.